பேர் வெட்டிய தூக்குவாளி

அன்புள்ள மச்சானுக்கு இர்ஃபானா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும்.

நானும் நிலோவும் மாமியும் இருக்கிறோம். "சுகமாக" என்று சேர்த்து எழுதப் பேனா வரவில்லை, அதனால் அந்த இடத்தை அப்படியே விட்டுவிட்டேன். ஷார்ஜாவில் வெயில் இறங்கிவிட்டதாகச் சொன்னீர்கள். அதுவரைக்கும் அல்ஹம்துலில்லாஹ்.

போன் இருக்கும்போது இவள் எதற்குக் காகிதமும் கையுமாக உட்கார்ந்தாள் என்று நினைப்பீர்கள். போனில் நான் வாயைத் திறந்ததும் "சரி விடு, அப்புறம் பேசலாம்" என்று வைத்துவிடுகிறீர்கள். அந்த அப்புறம் இன்னும் வரவில்லை. காகிதத்தைப் பாதியில் கட் பண்ண முடியாதல்லவா? எதிர்வீட்டு ஹஸ்ஸான் லீவு முடிந்து புதன்கிழமை திருச்சியில் விமானம் ஏறுகிறான். இடியாப்ப மாவு, மாமி போட்ட நார்த்தங்காய், நிலோ வரைந்த படம் ஒன்று, அதோடு இந்தக் கடிதம். வியாழக்கிழமை உங்கள் கைக்கு வந்துவிடும். வெள்ளிக்கிழமைக்கு முன்னால் வர வேண்டும் என்பதுதான் என் கணக்கு.

முதலில் நம் மகள் நிலோவைப் பற்றி. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது, கூடவே அவளுக்கு இருமலும். டாக்டர் நெஞ்சில் சளி இல்லை என்று சொல்லிவிட்டார். ஆனாலும் அவள் தூங்கும்போது முதுகில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். "நீ காத வச்சு வச்சே அந்தப் புள்ள முழிச்சுக்குது" என்று மாமி திட்டுகிறார்கள். என் சுபாவம் உங்களுக்குத் தெரியும். தண்ணீரைக் கொதிக்கவைத்து, ஆறவைத்து, சந்தேகம் வந்தால் மறுபடியும் கொதிக்கவைக்கிறவள் நான். இதை எதற்கு இங்கே எழுதுகிறேன் என்பது கடைசியில் புரியும்.

உங்கள் வாய்ஸ் மெசேஜைக் கேட்டேன். மாமி தொழுதுகொண்டிருந்தார்கள் என்று சத்தத்தைக் குறைத்து வைத்துக் கேட்டேன். "நான் இங்க வெயில்ல நிக்கிறது, நீ அங்க மிச்ச சோத்துக்குக் கியூவுல நிக்கிறதுக்கா?" என்றீர்கள். அதற்குப் பிறகு சொன்னதெல்லாம் எனக்கு நினைவில்லை. இது மட்டும் நினைவிருக்கிறது.

குடும்ப குரூப்பில் வந்த அந்த போட்டோவை நானும் பார்த்தேன். நன்றாகத்தான் எடுத்திருக்கிறார்கள். பச்சைத் துப்பட்டாவில் நான். இடுப்பில் நிலோ. எனக்கு முன்னால் ஒரு அம்மா, புடவையைத் தூக்கிச் செருகியிருக்கிறார், காலில் சேறு காயவில்லை. பின்னால் ஹாஸ்டல் பிள்ளைகள் சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள். என் கையில் தூக்குவாளி. அதன் வயிற்றில் புள்ளி புள்ளியாக வெட்டிய "சித்தீக்" என்ற உங்கள் பெயர், வெயில் பட்டுப் பளிச்சென்று தெரிகிறது. லியாகத் அலி மாமாவுக்கு நெஞ்சு எரிந்தது அந்தப் பெயரைப் பார்த்துத்தான். போட்டோவில் இல்லாததை நான் சொல்கிறேன், கேளுங்கள்.

நான் ஹாஸ்டல் துணை வார்டனாகச் சேர்ந்தபோது நீங்களே மாமாவிடம் பேசித்தான் சேர்த்துவிட்டீர்கள். "நம்ம மாமா செக்ரட்டரியா இருக்கிற காலேஜ், பயமில்ல" என்றீர்கள். மெஸ்ஸும் என் பொறுப்பில் வந்தது, நான் படித்தது சத்துணவுப் படிப்பு என்பதால். எங்கள் மெஸ் மாஸ்டர் ஃபாஜில் பாய் உங்களுக்குத் தெரிந்தவர்தான். நம் கல்யாணத்துக்கு பிரியாணி போட்ட பண்டாரி. கல்யாணப் பந்தியில் அண்டாவின் அடி தெரிந்தால் பண்டாரிக்கு மானம் போய்விடும், இல்லையா? அந்த மனுஷர் ஹாஸ்டலிலும் தினமும் ஒரு கல்யாணத்துக்கே சமைப்பார். பிள்ளைகளோ வெள்ளிக்கிழமை பாதிப் பேர் ஊருக்குப் போய்விடுவார்கள், மீதிப் பேர் ரூமில் நூடுல்ஸ் கிளறுவார்கள். மிஞ்சியதெல்லாம் நீல நிற பீப்பாய்களில் போகும். ஒருவர் வண்டியில் வந்து ஏற்றிக்கொண்டு போவார். எங்கே போகிறது என்று யாரும் கேட்டதில்லை. நானும் கேட்கவில்லை.

ஆனியில் மேட்டூர்த் தண்ணீர் வந்ததும் அது எங்கே போகிறது என்று தெரிந்துவிட்டது. அந்த ஆள் எல்லாவற்றையும் காலேஜுக்குப் பின்னால் இருக்கிற வாய்க்காலில்தான் கொட்டியிருக்கிறார். வாய்க்கால் காய்ந்து கிடந்தவரை யாருக்கும் தெரியவில்லை. தண்ணீர் வந்ததும், புளித்த சோறும் எண்ணெயும் எலும்பும் மிதந்துகொண்டு போய், கீழ்மடை நாற்றங்காலில் ஏறிவிட்டது. நாற்று அழுகிவிட்டது. மறுநாள் காலையில் அந்தப் பக்கத்துப் பெண்கள் எல்லோரும் பின்கேட்டில் நின்றார்கள். முன்னால் நின்றவர் அமிர்தம். போட்டோவில் எனக்கு முன்னால் நிற்கிறாரே, அவர்தான். நடவு ஆட்களைக் கூட்டிக்கொண்டு போகிறவர், இரண்டு மா நிலம் குத்தகைக்கு வைத்திருக்கிறார். அழுகின நாற்றைக் கொத்தோடு கேட்டுக்குள் எறிந்தார். அது என் செருப்பில் வந்து விழுந்தது.

மாமா என்ன செய்தார் தெரியுமா? கேட்டைப் பூட்டச் சொன்னார். அப்புறம் யோசித்துவிட்டு, வெள்ளிக்கிழமை பிரியாணியில் மிஞ்சியதைப் பொட்டலம் கட்டி அந்தப் பெண்களின் தெருவுக்குக் கொடுத்தனுப்பச் சொன்னார். வாயடைத்துவிடும் என்று நினைத்தார். பொட்டலங்களை எடுத்துக்கொண்டு போனது நான்தான். அமிர்தம் ஒன்றைப் பிரித்து முகர்ந்து பார்த்தார். "இத உங்க வீட்டுப் புள்ளைக்குப் போடுவீங்களா டீச்சர்?" என்று கேட்டார். சண்டைக் குரலில் இல்லை, கடையில் விலை கேட்பதுபோலக் கேட்டார். பொட்டலங்களைத் திண்ணையில் வைத்துவிட்டுத் திரும்பிவிட்டேன். மறுநாள் அந்தப் பொட்டலங்கள் எல்லாம் எங்கள் பின்கேட்டுக்குள் கிடந்தன. நல்லதைச் செய்தோமே, இவர்களுக்குத் திமிர் என்று மாமா சொன்னார். எனக்கு அவர்கள் செய்தது சரி என்றுதான் பட்டது. நானாக இருந்தாலும் எறிந்திருப்பேன்.

வீட்டுக்கு வந்து அலமாரியைத் திறந்தபோது அந்தத் தூக்குவாளி கண்ணில் பட்டது. அதைப் பார்த்ததும் நோன்புக் கஞ்சி நினைவு வந்தது. ரமலானில் பள்ளிவாசலுக்கு யார் வீட்டிலிருந்துதான் தூக்கு போகவில்லை? ரைஸ்மில்காரர் வீட்டுப் பையனும் நிற்பான், ரிக்‌ஷாக்காரர் மகளும் நிற்பாள், தெருக்கோடியிலிருந்து மதுரம் டீச்சர் வீட்டுத் தூக்கும் வந்து நிற்கும். வாங்கிக்கொண்டு போகிறவர்களை யாராவது ஏழை என்று சொன்னதுண்டா? கொடுக்கிறவர்களும் அதையேதானே குடிக்கிறார்கள். பொட்டலத்தைக் கொண்டுபோய்க் கையில் திணித்தால் அது பிச்சை. அவரவர் பாத்திரத்தோடு வரிசையில் நின்றால் அது சாப்பாடு. எனக்குத் தோன்றியது இவ்வளவுதான் மச்சான்.

அதனால் ஃபாஜில் பாயிடம் பேசினேன். சோறு பந்திக்குப் போகும் முன்பே, மிஞ்சும் என்று தெரிந்த பங்கைச் சூட்டோடு தனி அண்டாவில் எடுத்து மூடிவிட வேண்டும். பிள்ளைகள் கரண்டி போட்ட பாத்திரத்திலிருந்து ஒரு பருக்கைகூட அதில் சேரக் கூடாது. முதல் பந்தி முடிந்ததும் பின்கேட்டில் அதே அளவுக் கரண்டியால் ஊற்ற வேண்டும். லேப் முடிந்து தாமதமாக வருகிற பிள்ளைகளுக்கும் தனிப் பந்தி கிடையாது, அதே வரிசைதான். "அண்டா காலியாகிடுமேம்மா" என்று அவர் முகம் சுருங்கியது. காலியாவதற்குத்தான் பாய் என்றேன். மதிய நேரம் வைத்தோம். நடவு முடித்துப் பெண்கள் கரையேறுகிற நேரம்.

முதல் நாள் ஒருவரும் வரவில்லை. இரண்டு ஆடுகள் வந்தன. நானும் நிலோவும் தூக்குவாளியோடு நின்றோம், ஃபாஜில் பாய் எங்களுக்கு ஊற்றினார், அவ்வளவுதான். வாட்ச்மேன் அந்தப் பக்கம் திரும்பிச் சிரித்தார். மறுநாளும் நின்றேன். அமிர்தம் வரப்பிலேயே நின்று பார்த்துவிட்டுப் போனார். அதற்கடுத்த நாள் பக்கத்தில் வந்து, என் தூக்கு மூடியைத் தானே திறந்து உள்ளே பார்த்தார். கத்தரிக்காய்க் குழம்பும் சோறும். நிலோ அதிலிருந்து ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். அமிர்தம் போய், முண்டாசுத் துணியில் கட்டியிருந்த சட்டியை அவிழ்த்துக்கொண்டு வந்து எனக்கு முன்னால் நின்றார். பின்னால் இல்லை, முன்னால். "நாங்க நாத்தப் பறிகொடுத்தவங்க, எங்களுக்குத்தான் மொத கரண்டி" என்றார். அது நியாயம்தானே? அன்றிலிருந்து அதுதான் வழக்கம்.

இப்போது புரிகிறதா மச்சான், நான் ஏன் அங்கே நிற்கிறேன் என்று? எனக்குச் சோறு இல்லாமல் இல்லை. அவர் கேட்ட கேள்விக்கு நான் தினமும் பதில் சொல்கிறேன். நிலோவுக்குக் கொடுக்க முடியாத எதையும் நான் வேறு பிள்ளைக்கு ஊற்ற மாட்டேன். ஊற்றுவதை அவளுக்கும் கொடுப்பேன். தண்ணீரைத் திரும்பக் கொதிக்கவைக்கிற நான் இதைச் செய்கிறேன் என்றால், எவ்வளவு பார்த்துச் செய்வேன் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

புரட்டாசிப் புழுக்கத்தில் ஒரு நாள் தயிர்சாதம் லேசாகப் புளித்துவிட்டது. "சாப்பிடலாம்மா, ஒண்ணும் பண்ணாது" என்றார் ஃபாஜில் பாய். நாக்கில் வைத்தேன், எனக்குப் பிடிக்கவில்லை. வரிசை நின்றுகொண்டிருக்கும்போதே அண்டாவைத் தூக்கச் சொல்லி எல்லோர் கண் முன்னாலும் உரக்குழியில் கொட்டினேன். வெயிலில் வந்தவர்கள் முணுமுணுத்தார்கள், ஒருத்தி திட்டினாள். ஆனால் அடுத்த நாள் வரிசை இன்னும் நீளமாக இருந்தது. சில வீடுகளில் கைப்பிள்ளைக்கும் ஊட்ட ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான் என்று அமிர்தம் சொன்னார்.

உரக்குழி என்றேன் அல்லவா, மாமா உங்களிடம் அதைப் பற்றியும் சொல்லியிருப்பார். தட்டில் மிஞ்சுகிற எச்சில் யாருக்கும் போகாது, போகக் கூடாது. அதை மண்ணுக்குக் கொடுக்கலாம் என்று ஹாஸ்டலுக்குப் பின்னால் குழி வெட்டினோம். முதலில் சாம்பாரும் ரசமுமாக அப்படியே ஊற்றித் தொலைத்துவிட்டார்கள். நாற்றம் முன்வாசல் வரை வந்தது. நல்ல நாளாகப் பார்த்து மாமா புதுக் கட்டடத்தைக் காட்ட யாரோ பெரியவர்களை அழைத்துக்கொண்டு வந்தார். கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு, "காலேஜ் நடத்துறோமா, மாட்டுக்கொட்டாய் நடத்துறோமா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டுதான் நின்றேன். ஆனால் குழியை மூடவில்லை. நீரை வடித்துவிட்டு, வைக்கோலும் காய்ந்த சருகும், பேராவூரணியிலிருந்து வரவழைத்த தென்னை நார்க்கழிவும் மாற்றி மாற்றிப் போட்டுக் கிளறினோம். எலும்பைத் தனியாக எடுத்து ஆழப் புதைக்கிறோம். இப்போது குழிப் பக்கம் நின்றால் மழை விட்ட மண் வாசனைதான் வருகிறது. பொரித்த எண்ணெயை மறுபடி அடுப்பில் ஏற்ற விடுவதில்லை. டின்னில் சேர்த்து, டீசல் செய்கிற கம்பெனி ஆளிடம் கொடுக்கிறோம். வாய்க்காலில் இப்போது தண்ணீர் மட்டும்தான் போகிறது. அமிர்தத்தின் சம்பா நாற்று எங்கள் உரத்தில் வந்தது. மாமா ஒரு தடவை பின்பக்கம் போய்ப் பார்த்திருக்கலாம்.

அவர் பார்த்தது போட்டோவைத்தான். என்னை ஆபீஸ் ரூமுக்குக் கூப்பிட்டார். மரியாதையாகத்தான் பேசினார், நாற்காலியில் உட்காரச் சொன்னார். வரிசையை நிறுத்த வேண்டும், வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து டிரஸ்ட் ஆட்கள் கூடும்போது, தெரியாமல் செய்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லி எழுதிக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் வேலையை விட்டுவிட வேண்டும் என்றார். பிறகு கொஞ்சம் இறங்கிவந்தார். "நிக்கணும்னா வேற யாரையாவது நிக்க வையேம்மா. அதுவும் முடியாதுன்னா, பேர் இல்லாத பாத்திரத்தையாவது எடுத்துட்டுப் போயிருக்கலாமே" என்றார். எழுந்து வரும்போது, உங்கள் கம்பெனி தன் மருமகனுடையது என்பதையும், உங்கள் விசா அடுத்த மாசம் புதுப்பிக்க வேண்டும் என்பதையும், அக்கறையோடு நினைவுபடுத்தினார்.

பயமாக இருக்கிறது மச்சான். இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். உங்கள் வேலைக்கு ஏதாவது வந்தால் என்ன செய்வோம் என்று நினைத்து நினைத்து நிலோவின் முதுகில் காதை வைத்துக்கொண்டு படுத்திருக்கிறேன். வேறு தூக்கு எடுத்துக்கொண்டு போனால் எல்லாம் முடிந்துவிடும் என்று நேற்று ஒரு நிமிடம் எனக்கே தோன்றியது. அலமாரியிலிருந்து பேர் இல்லாத எவர்சில்வர் டிபன் கேரியரை எடுத்துக் கழுவியும் வைத்துவிட்டேன்.

மாமி அதைப் பார்த்தார்கள். இத்தனை நாளும் இந்த விஷயத்தில் அவர்கள் ஒரு வார்த்தை பேசியதில்லை. கொண்டுவந்த சோற்றைச் சாப்பிடுவார்கள், தூக்கைக் கழுவிக் கவிழ்த்துவிடுவார்கள். நேற்று டிபன் கேரியரை எடுத்து உள்ளே வைத்துவிட்டு உங்கள் தூக்கை என் கையில் கொடுத்தார்கள். லியாகத் மாமா சொன்னதையெல்லாம் நான் சொன்னேன். தன் தம்பி என்பதால் வருத்தப்படுவார்களோ என்று தயங்கித்தான் சொன்னேன். மாமி சிரித்தார்கள். "உன் மாமனார் மவுத்தாகி நான் தனியா நின்ன வருஷம் லியாகத் இங்கதான் இருந்தான். உன் புருஷன் சின்னப் பய, தினமும் பள்ளிவாசலுக்கு இந்தத் தூக்க எடுத்துட்டு ஓடுவான். லியாகத்துக்கு வரிசையில நிக்க வெக்கம், மீச மொளச்சிடுச்சுல்ல. இவன் வாங்கிட்டு வர்ற கஞ்சிலதான் அவன் நோன்பு தொறந்தான். வழியில யாரும் தூக்க மாத்திடக் கூடாதுன்னு, பாத்திரக்கடையில கொண்டுபோய்ப் பேர் வெட்டிட்டு வந்ததே அவன்தான்" என்றார்கள்.

இது உங்களுக்கு நினைவிருக்கிறதா? இருக்கும் என்றுதான் நினைக்கிறேன். மாமா மறந்திருக்க மாட்டார் என்பது மட்டும் நிச்சயம். அந்தப் பெயர் அவருக்கு ஏன் அவ்வளவு சுட்டது என்று இப்போது எனக்குப் புரிகிறது. அவர் மேல் எனக்கு இருந்த கோபம்கூடக் கொஞ்சம் இறங்கியது. பிடிவாதம் இறங்கவில்லை.

அதனால் வெள்ளிக்கிழமை நான் மன்னிப்பு எழுதப் போவதில்லை. ராஜினாமாவும் எழுத மாட்டேன். அனுப்புவதானால் அவர்களே அனுப்பட்டும், என்ன தப்பு என்று அவர்கள் கையால் எழுதிக் கொடுத்து அனுப்பட்டும். நான் போவேன். மாமியும் வருகிறேன் என்கிறார்கள். மதியம் வரிசையில் நின்று வாங்கிக்கொண்டு அப்படியே மீட்டிங்குக்குப் போவோம் என்று சொல்லிவிட்டார்கள். தம்பிக்கு எதிரே மேசையில் அதை வைத்து, பசியோடு பேச வேண்டாம், முதலில் சாப்பிடு என்று சொல்லப் போகிறார்களாம். நான் சிரித்துவிட்டேன். அவர்கள் சிரிக்கவில்லை.

வரிசையும் நிற்காது மச்சான். கேட்டைப் பூட்டினால் கேட்டுக்கு வெளியே நிற்போம். ஹாஸ்டல் பிள்ளைகளும் தட்டோடு வெளியே வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஃபாஜில் பாய், பூட்டின கேட்டுக்கு மேலே கரண்டி எட்டும் என்கிறார். அண்டாவின் அடியைப் பார்க்காமல் இப்போது அவருக்குத் தூக்கம் வருவதில்லை.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். அதைச் செய்யுங்கள் என்று நான் கட்டாயப்படுத்தவில்லை. அங்கே தனியாக இருக்கிறீர்கள், மற்றவர் கையை எதிர்பார்த்து இருக்கிறீர்கள், எனக்குத் தெரியாதா? மாமாவோடு சண்டை போட வேண்டாம். எனக்காகப் பரிந்து பேசவும் வேண்டாம். வியாழக்கிழமை ராத்திரி அவருக்கு ஒரு போன் செய்து, அந்தத் தூக்கு யாருடையது என்று மட்டும் சொல்லுங்கள். "அது என்னோடதுதான் மாமா" என்று சொன்னால் போதும். அதைச் சொல்ல முடியவில்லை என்றாலும் பரவாயில்லை. அவள் நிறுத்திவிடுவாள் என்று மட்டும் என் சார்பில் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

நிலோ உங்களுக்கு அனுப்பியிருக்கிற படத்தைப் பாருங்கள். வட்டமாக இருப்பது தூக்குவாளி. அதற்கு நடுவே கோணலாக ஒரு எழுத்து இருக்கும். வரிசை நகரும்வரை இடுப்பிலிருந்தபடி தூக்கை விரலால் தடவித் தடவி அவளாகவே கற்றுக்கொண்டது. அவள் எழுதின முதல் எழுத்து அது, "சி". அத்தா பேர் என்று தெருவெல்லாம் காட்டிக்கொண்டு திரிகிறாள்.

அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுளையும் உடல் சுகத்தையும் தரட்டும். எந்த வாசலில் நின்றாலும் உங்கள் தலை நிமிர்ந்தே இருக்கட்டும். நார்த்தங்காயைத் தனியாகத் தின்று தீர்க்காமல் ரூமில் இருப்பவர்களுக்கும் கொடுங்கள்.

உங்கள் பெயர் வெட்டிய தூக்கோடு நிற்கிற,
இர்ஃபானா